கானாவின் ஹீரோ சர்வாதிகாரி ஆனது எப்படி? குவாமே நிக்ருமாவின் கதை

சிறையில் இருந்தபடியே 1951 தேர்தலில் ஜெயித்து, வெளியே வந்து ஆட்சி அமைத்தவர் குவாமே நிக்ருமா. 1957 மார்ச் 6-ல் கானா விடுதலை பெற்றபோது அவர்தான் பிரதமர். பள்ளிகள் திறந்தார், அகோசோம்போ அணை கட்டினார். ஆதரவாளர்கள் அவரை மீட்பர் என்றே அழைத்தார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு?

1958-ல் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. விசாரணையே இல்லாமல் ஒருவரை 5 ஆண்டுகள் வரை அடைத்து வைக்கலாம். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை அவரது கட்சிக்கு, சட்டம் நிறைவேறியது.

அதை எதிர்த்து நீதிமன்றத்தில் வாதாடியவர் வழக்கறிஞர் ஜே.பி.டான்குவா. 1947-ல் லண்டனில் இருந்த நிக்ருமாவை அழைத்து வந்து கட்சிப் பொறுப்பு கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். அதே சட்டத்தில் கைதாகி, 1965-ல் சிறையிலேயே இறந்துபோனார்.

இதற்கிடையே 1964-ல் ஒரு பொது வாக்கெடுப்பு. நாட்டில் ஒரே கட்சி போதும் என்று 99 சதவீதத்துக்கும் மேல் வாக்களித்ததாக அரசு அறிவித்தது. அதோடு, தேர்தல் மூலம் அவரை மாற்றும் வழியும் அடைபட்டது.

1966 பிப்ரவரியில் நிக்ருமா வெளிநாடு போயிருந்த நேரத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அக்ராவில் மக்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். அவரது சிலை சாய்க்கப்பட்டது. 1972-ல் ருமேனியாவில் காலமானார்.

புதிய ராணுவ அரசு, நிக்ருமாவின் கட்சிக்காரர்கள் பலரை விசாரணை இல்லாமல் சிறையில் அடைத்தது. தலைவரை நம்பி அவர்கள் கைதூக்கி ஆதரித்த அதே வழிமுறை, கடைசியில் அவர்கள் மேலேயே பாய்ந்தது.