காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளை

பட்டும் கோயிலும் காஞ்சிமாநகருக்கு இரு கண்கள் என்பதை யாவரும் அறிவர். ஆயின், முசரவாக்கம் முதலிய சுற்றூர்களினின்றும் அந்நகர வீதிகளுக்குப் போய்வரும் நம்மவருள், அங்கே வாழ்ந்து இசையுலகில் தாளத்துக்குத் தனிப்பெருமை தேடித்தந்த நாயனாப் பிள்ளையை அறிந்தோர் சிலரே. சுப்பிரமணிய பிள்ளை என்பது அவரது இயற்பெயர்.

அவர் 1889 ஆம் ஆண்டில் பிறந்தார். அன்னையாருடன் பிறந்த தனகோடி அம்மாள் பெரும்புகழ் வாய்ந்த பாடகியார். இல்லமெங்கும் சங்கீதம் நிறைந்திருந்தும், இளமையில் பிள்ளையின் உள்ளம் மல்யுத்தத்திலும் காற்றாடி விடுவதிலுமே சென்றது. பின்னர் இசையில் வேட்கை பிறந்தபோது, மற்களத்தில் பழகிய விடாமுயற்சியைச் சாதகத்தில் செலுத்தினார். வீட்டில் பெற்ற கேள்விச் செல்வமே அவருக்கு முதலாயிற்று.

வயலினும் மிருதங்கமும் பாடகருக்குத் துணையாக அமைவதே கச்சேரிகளின் பொதுவழக்கு. பிள்ளையவர்களோ கஞ்சிரா, கடம், முகர்சிங், டோலக், கொன்னக்கோல் ஆகியவற்றையும் மேடையேற்றினார். நீதிபதிகள் பலர் ஒருங்கே அமரும் நியாயஸ்தலத்தை நினைந்து, ரசிகர்கள் இதனை ஃபுல் பெஞ்சுக் கச்சேரி என்றனர். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை போன்ற பெருவித்துவான்கள் அவருடன் அமர்ந்து வாசித்தனர். அத்தகையோர் சூழ்ந்திருக்க, கடினமான தாளத்தில் பல்லவி பாடுபவர் இம்மியளவு வழுவினும் சபையில் மானம் போய்விடும். அவ்வபாயத்தை அவர் தாமே விரும்பி ஏற்றார். துணைவரை ஒடுக்கித் தாம் உயர எண்ணாது, வல்லவரை அருகிருத்தி அவர்க்கு ஈடுகொடுத்து உயர்ந்தமையே அவர்தம் வெற்றியின் மூலம் என்க.

தாளக்கணக்கொன்றே அவரது செல்வம் என்று கருதற்க. தியாகராஜ கீர்த்தனங்கள் எண்ணிறந்தன அவர்க்குப் பாடமாயிருந்தன. காஞ்சியில் ஆண்டுதோறும் தியாகராஜ உற்சவத்தையும் நடத்திவந்தார்.

1934 ஆம் ஆண்டில், 45 வயதளவில், அவர் காலமானார். அவர் குரலை இன்று கேட்டறிய இசைத்தட்டு ஒன்றேனும் இல்லை. எனினும் அவர் கலை அவருடன் மறையவில்லை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை குருவின் வழியைப் போற்றி வளர்த்தார். வீணை தனம்மாளின் பேத்தியரான பிருந்தாவும் முக்தாவும் சிறுவயதிலேயே அவரிடம் பாடங்கேட்டுக் கீர்த்தனங்கள் பலவற்றைக் காத்தனர். காஞ்சியில் வளர்ந்த டி. கே. பட்டம்மாள், அவர் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டே பயன்பெற்று, பெண்டிர் மேடையில் அரிதாகவே பாடிய பல்லவியில் பெரும்புகழ் எய்தினார். சுப்பிரமணிய பிள்ளை 1954 இலும், பட்டம்மாள் 1970 இலும், பிருந்தா 1976 இலும் சங்கீத கலாநிதி விருது பெற்றனர்.

மாணவ நண்பர்காள்! பொருளைப் பூட்டிவைத்துக் காக்கலாம். வித்தையை அங்ஙனம் காத்தல் இயலாது. பிறர்க்கு ஈந்த அளவே அது நிலைக்கும். தம் குரலைப் பதித்துவையாது சென்ற நாயனாப் பிள்ளை மாணாக்கர் குரலில் வாழ்ந்தமையே இதற்குச் சான்றாம்.