தச்சன் மகன் தொயோதா

ரொயோட்டா என்றதும் நம் மாணவர்க்கு மோட்டார் வண்டியே நினைவுக்கு வரும். அக்குடும்பத்தின் முதல்வரோ வண்டி செய்தவரல்லர், தறி செய்தவர். சக்கிச்சி தொயோதா என்னும் அப்பெரியாரின் வரலாற்றை வகுப்பில் நான் சொல்லும்போது, புகழுரையோடு நிறுத்திவிட மனம் ஒப்புவதில்லை.

யப்பானில் மெய்சி யுகம் பிறப்பதற்கு முந்திய ஆண்டாகிய 1867 இல், இன்றைய சிசுவோக்கா மாகாணத்தின் மேற்கெல்லைச் சிற்றூரொன்றில் அவர் பிறந்தார். தந்தை தச்சர். பகலெல்லாம் வயலில் உழைத்த பெண்கள் இரவிற் கைத்தறியில் அமர்ந்து குடும்பத்துக்கு நாலு காசு தேடும் ஊர் அது. அவருடைய தாயும் அவ்வாறே நெய்தார். தந்தையிடம் உளி பிடிக்கக் கற்ற மகனுக்கு, அந்தத் தறியைத் திருத்த வேண்டும் என்னும் எண்ணம் பித்தாகவே பற்றிக்கொண்டது. ஊரார் நகைத்தனர். 1890 இல் தோக்கியோவில் நடந்த கைத்தொழிற் கண்காட்சிக்கு நாள்தோறும் சென்று, இயந்திரங்களின் முன் நின்று, ஒவ்வோர் உறுப்பின் இயக்கத்தையும் உற்றுநோக்கினார்.

அடுத்த ஆண்டிலேயே, இருபத்துநான்கு வயதில், தாம் அமைத்த மரத்தறிக்கு ஆக்கவுரிமை பெற்றார். ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவைச் செலுத்தவும், விழுந்த ஊடையை நெருக்கவும் அதுவரை இரு கைகளும் வேண்டியிருந்தன. அவரது தறியிலோ, சட்டத்தை ஒரு கையால் முன்னும் பின்னும் அசைத்தாற் போதும். நாடா தானே ஓடும். விளைவு நூற்றுக்கு நாற்பது ஐம்பது வீதம் உயர்ந்தது. நெய்பவளின் இருக்கை பறிபோகவில்லை; அவளுடைய இளைப்பே குறைந்தது. அவர் ஆக்கங்களுள் என் உள்ளத்துக்கு மிக உகந்தது இதுவே.

1896 இல் மரமும் இரும்பும் கொண்டு விசைத்தறியை உருவாக்கினார். வீட்டில் அமைதி இல்லை. மூத்த மனைவி கைக்குழந்தையாகிய கீச்சிரோவை விட்டுப் பிரிந்தார். தொழிலிலும் அப்படியே. பணம் போட்டவர்கள் இலாபத்தை நோக்க, இவரோ ஆராய்ச்சியையே நோக்கினார். 1910 இல் தம் பெயரைத் தாங்கிய கம்பனியிலிருந்தே விலகி, அமெரிக்காவும் ஐரோப்பாவும் சென்று திரும்பினார்.

1924 இல் நிறைவெய்திய தானியங்கித் தறியே அவருடைய பேராக்கம். ஊடை தீரும்போது ஓட்டம் நில்லாமலே நாடா மாறும். பாவு நூல் ஒன்று அறுந்தால் தறி தானே நின்றுவிடும். ஒரு பெண் முப்பதுக்கு மேற்பட்ட தறிகளைக் கவனித்தல் இயல்வதாயிற்று. எஞ்சிய இருபத்தொன்பது பேரும் எங்கே போயினர்? தாயன்பிற் பிறந்த தறி என்று மெச்சுவோர் இவ்வினாவை எழுப்பக் காணேன். தாயின் பாரத்தைக் குறைக்கப் புறப்பட்டவரின் கையே, தாயைப் போன்றோரின் கைத்தொழிலுக்கும் முடிவு கட்டியது. இதற்காக அவரைப் பழிக்க நான் துணியேன். அவர் செய்யாதிருந்தால் வேறொருவர் செய்திருப்பார். ஆயினும் கணக்கில் அந்தப் பக்கமும் எழுதப்பட வேண்டும்.

அக்கணக்கு யப்பானோடும் நிற்கவில்லை. நெசவு இயந்திரத்துக்கு உலகிலேயே பெயர்போனது இங்கிலாந்தின் ஓல்டம் நகரத்துப் பிளாற் சகோதரர் கம்பனி. குருவின் வீட்டார் சீடனிடம் வந்த கதையாக, 1929 இல் அக்கம்பனி இத்தறியின் உரிமைக்கு 100,000 பவுண் தர இசைந்தது. ஆனால் இலங்காசயரின் பருத்தித் தொழில் அப்பொழுதே சரியத் தொடங்கிவிட்டது. அந்த நூற்றாண்டு முடியுமுன் ஓல்டத்தின் பட்டறைகளும் ஓய்ந்தன.

அந்தப் பணமே மோட்டார்த் தொழிலுக்கு வித்து என்பது வழிவழி வந்த கதை. அதனினும் பெரிய வித்து, தறிக்காக இரும்பை வார்க்கவும் நுட்பமாகக் கடையவும் பழகிய தொழிலாளரின் கைகளே என்பது என் துணிபு. 1933 இல் கீச்சிரோ மோட்டார்ப் பகுதியைத் தொடங்கியதும் தறித் தொழிற்சாலைக்கு உள்ளேதான். நூல் அறுந்தால் தானே நிற்கும் அந்த ஏற்பாடு, பிழை நேர்ந்தவுடன் வேலையை நிறுத்தும் விதியாக வண்டித் தொழிற்சாலைக்கும் சென்றது.

சக்கிச்சி 1930 ஒக்டோபர் 30 ஆம் நாள் காலமானார். மகனின் முதல் வண்டி உருப்பெற்றது 1935 இல்.