எதிரி நாட்டிய கல்

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் ஒரு கல் நாட்டப்பட்டது. கப்டன் வொன் டிரிபேர்க் என்பவர் பண்டாரவன்னியனை அவ்விடத்தில் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்தில் பொறித்து, 31 ஒக்டோபர் 1803 என்று திகதியும் இட்டிருந்தார்கள். டிரிபேர்க்கின் பெருமைக்காக எழுந்த கல் அது. ஆனால் இன்று அங்கே போகிறவர்கள் டிரிபேர்க்கைத் தேடிப் போவதில்லை.

பண்டாரவன்னியன் வன்னியின் குறுநிலத் தலைவர்களுள் ஒருவர். அத்தலைவர்கள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தும், சமயம் வாய்த்தபோது கொடாமலும் காலம் தள்ளியவர்கள். 1782 இல் ஒல்லாந்தர் படை அனுப்பி வன்னியை அடக்கினர். 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். கொடி மாறியது, திறை கேட்பது மாறவில்லை.

1803 இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடிக்கப் போய், ஜூன் மாதத்தில் அங்கிருந்த தம் படையை இழந்தனர். இதுதான் தருணம் என்று பண்டாரவன்னியனும் எழுந்தார். ஓகஸ்ட் 25 இல் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயரின் கோட்டை அவர் கையில் விழுந்தது. அங்கிருந்த படையினர் கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குத் தப்பினர். கண்டியின் துணை அவருக்கு இருந்தது. இன்று அவரைத் தமிழ் வீரராக மட்டும் பேசும்போது இந்தச் செய்தி கொஞ்சம் பின்னுக்குப் போய்விடுகிறது.

ஆங்கிலேயர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்திலிருந்தும் படை அனுப்பினர். ஒக்டோபர் 31 அதிகாலையில் கற்சிலைமடுவில் எதிர்பாராத தாக்குதல். வெற்றி நிலைத்தது இரண்டு மாதமும் சில நாட்களும்தான்.

பிறகு நடந்ததில்தான் கதைகள் பிரிகின்றன. அந்தப் போரில் பட்ட காயத்தால் அவர் இறந்தார் என்பது மக்கள் வழக்கு. ஆங்கிலேயரின் குறிப்புகளிலோ அவர் அதன் பின்னும் சில ஆண்டுகள் உயிரோடு இருக்கிறார். வேடிக்கைதான்: நேசித்தவர்கள் அவரைக் களத்திலே சாகவிட, பகைத்தவர்கள் வாழவைத்திருக்கிறார்கள். வீரன் களத்தில் விழவேண்டும் என்பது நம் ஆசை. தொல்லை கொடுத்த ஒருவன் இன்னும் இருக்கிறானா என்பது அவர்களுடைய கவலை.

காட்டிக்கொடுத்தவன் காக்கை வன்னியன் என்றும் சொல்வார்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் கதையிலும் காட்டிக்கொடுப்பவனுக்கு இதே பெயர்தான். ஒரே பெயரைக் காலந்தோறும் துரோகிக்குச் சூட்டினார்கள் போலும். தோல்விக்கு ஒரு துரோகி கிடைத்துவிட்டால், எதிரியிடம் இருந்த துப்பாக்கிகளைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

ஆங்கிலேயர் எழுத்தில் அவர் கலகக்காரர். ஆனால் அவர் பெயரையும் நாளையும் இடத்தையும் குறித்து வைத்தவர்களும் அவர்களே. அந்த எழுத்தை வெறுத்து ஒதுக்கினால் பண்டாரவன்னியனில் பாதி போய்விடும். அப்படியே நம்பினால் மறுபாதி போய்விடும்.

நம் வீடுகளில் நன்கு தெரிந்த ஒறாபி பாஷாவின் நிலையும் இதுவே. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்ததால் கலகக்காரராகத் தீர்க்கப்பட்டு, 1883 இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். அவர்கள் குற்றவாளி என்று அனுப்பியவரை இங்குள்ள முஸ்லிம்கள் பெருமதிப்போடு வரவேற்றார்கள். கொழும்பு ஸாஹிராக் கல்லூரி 1892 இல் தொடங்கப்பட்டபோது அதற்குத் துணைநின்றவர்களில் அவரும் ஒருவர். எகிப்துக்கு அவர் திரும்பியது 1901 இல்.

வவுனியாவில் கச்சேரிக்கு முன்னே பண்டாரவன்னியன் சிலையாக நிற்கிறார். பேருந்தில் பாடசாலைக்கு வரும்போது நாம் பலமுறை கடந்து போகிற சிலைதான். அங்கே ஆண்டுதோறும் மாலை விழுவது கற்சிலைமடுக் கல்லில் பொறித்த ஒக்டோபர் 31 இல் அல்ல, முல்லைத்தீவுக் கோட்டை விழுந்த ஓகஸ்ட் 25 இல்.