இராபர்ட் வைட்

நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு அப்பால், பள்ளங்களிலும் மடிப்புகளிலும் சோலைகள் என்னும் காடுகள் அமைந்துள்ளன. அங்கு மரக்கிளைகளின் ஊடே முகில் தவழும். குட்டையான மரங்களின்மீது பாசியும் ஆர்க்கிடுச் செடிகளும் அடர்ந்து வளரும். மழையில்லாத நாளிலும் இலைகள் முகிலின் ஈரத்தை ஏற்றுத் துளித்துளியாக நிலத்திற்கு அளிக்கும். பவானி, மோயாறு முதலிய ஆறுகள் இத்தகைய மலைகளிலேயே பிறக்கின்றன. கடல்சூழ்ந்த தீவுகளைப்போல் மலையுச்சிகள் ஒன்றினின்று ஒன்று பிரிந்து நிற்பதால், ஒரு மலையில் வளரும் செடி உலகில் வேறெங்கும் இல்லாதிருத்தலும் உண்டு.

மலைவாழ் மக்கள் இச்செடிகளுள் பலவற்றைத் தொன்றுதொட்டு அறிந்து பயன்படுத்தி வந்தனர். தாவரவியல் நூல்களோ அவற்றை அறியாதிருந்தன. அக்குறையைப் போக்க உழைத்தவருள் தலைசிறந்தவர் இராபர்ட் வைட் ஆவார்.

வைட் 1796ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகத் தென்னிந்தியாவிற்கு வந்தார். படைவீரருக்கு மருத்துவம் செய்வது அவர் கடமை. செடிகளை ஆராய்வது அவர் வேட்கை. தொடக்கத்தில் அவர் அரிதின் முயன்று சேர்த்து எடின்பரோவுக்கு அனுப்பிய உலர்செடிகள், நன்னம்பிக்கை முனையருகே கடலில் அழிந்தன. அவர் மனம் தளர்ந்தாரல்லர். மீண்டும் சேர்க்கத் தொடங்கினார்.

1826இல் சென்னையில் இயற்கை ஆய்வாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் கம்பெனி அப்பதவியை நீக்கிற்று. வைட் நாகப்பட்டினத்திற்கு மருத்துவராகச் சென்றார். ஆயினும் ஆய்வைக் கைவிடவில்லை. 1831இல் விடுமுறையில் தாயகம் சென்றபோது, ஏறத்தாழ 1,00,000 உலர்செடிகளை உடன்கொண்டு சென்றார். வாக்கர் ஆர்னட் என்னும் அறிஞருடன் சேர்ந்து அவற்றை வகைப்படுத்தி, தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய நூலொன்றை 1834இல் வெளியிட்டார்.

சொற்களால் மட்டும் ஒரு செடியை முழுதும் அறிவித்தல் அரிது. ஆதலின், படங்களுடன் கூடிய நூல்களை வெளியிட வைட் முனைந்தார். 1842 முதல் கோயம்புத்தூரில் பருத்திப் பயிர் ஆய்வை மேற்பார்க்கும் பணி அவருக்கு வாய்த்தது. நீலகிரி அண்மையில் இருந்தது. அலுவலுக்கிடையே அவர் வெளியிட்ட இந்தியத் தாவரப் படநூல், 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக, 2,101 படங்களுடன் நிறைவெய்தியது. நீலகிரித் தாவரங்களுக்கெனத் தனி நூலும் செய்தார். அவர் முதன்முதல் விளக்கிப் பெயரிட்ட சிற்றினங்கள் 1,200க்கும் மேற்பட்டவை.

இப்படங்களுள் பெரும்பாலானவற்றை வரைந்தோர் இரங்கையா, கோவிந்து என்னும் தென்னிந்திய ஓவியர் இருவர். ஓவியர் பெயரை மறைத்துவிடும் வழக்கம் மிகுந்திருந்த அக்காலத்தில், வைட் அவர்கள் பெயரைப் படங்களிலேயே பொறித்தார். ஆர்க்கிடுப் பேரினம் ஒன்றிற்குக் கோவிந்துவின் பெயரையும் சூட்டினார். பிற்கால அறிஞர் அதனை வேறொரு பேரினத்தில் அடக்கினாராயினும், அந்நன்றியுணர்வு மறையவில்லை.

1853இல் வைட் பணியினின்று ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். 1872இல் இயற்கை எய்தினார். அவர் சேர்த்த செடிகள் கியூ, எடின்பரோ முதலிய இடங்களில் காக்கப்படுகின்றன.

அவர் காலத்திற்குப்பின் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. தைலமரமும் சீகைமரமும் பரவலாக நடப்பட்டன. சோலைகளும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளும் சுருங்கின. எவை அழிகின்றன என்பதை அறிய, முன்பு எவை இருந்தன என்பது தெரிதல் வேண்டும். வைட்டின் நூல்களும் உலர்செடிகளும் அதனைக் கூறும் சான்றுகளாயின. புதிய செடி ஒன்றைக் கண்டதாகக் கருதும் ஆய்வாளர், அது முன்பே அறியப்பட்டதா என்பதைத் தெளிய இன்றும் அவற்றை நாடுகின்றனர்.

1986இல் நீலகிரி, இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2012இல் முக்கூர்த்தி தேசியப் பூங்கா உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. எனினும் அறிவிப்பு மட்டும் காட்டைக் காவாது. பெயரறியாத செடி அழிந்தால் அதற்கு இரங்குவாரும் இலர். ஆதலால், தம்மைச் சூழ்ந்துள்ள செடிகொடிகளை உற்றுநோக்கிப் பெயர் அறிதல் மாணவர் கடமை. அறிந்தவற்றைப் பேணுதல் அனைவர்க்கும் கடமை.