விபுலானந்த அடிகளும் வழிதேடும் இளைஞரும்

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளிலே நம்மவர் இல்லந்தோறும் ஒரே கேள்வி எழுகின்றது: பிள்ளை இனி என்ன செய்வது? மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டு வாயில்களையன்றி வேறு வாயிலே உலகில் இல்லையெனப் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். அவ்வாயில்கள் திறவாவிடின் பிள்ளையும் தன் வாழ்வே அடைபட்டதெனக் கலங்குகின்றது. இக்கலக்கத்துக்கு மருந்தாகப் பெரியார் ஒருவரின் வரலாற்றை இம்மலரிலே எடுத்துரைக்க விரும்புகின்றோம். முத்தமிழ் வித்தகர் எனத் தமிழுலகம் போற்றும் சுவாமி விபுலானந்தரே அப்பெரியார். துறவியாகவும் யாழ்நூல் ஆசிரியராகவும் அவரை யாவரும் அறிவர். பாடசாலையை விட்டு வெளியேறி வழிதேடிய இளைஞராக அவரை நோக்கியோர் சிலரே.

இன்று அம்பாறை மாவட்டத்தில் அடங்கும் காரைதீவிலே, 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் நாள், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராக அவர் தோன்றினார். மயில்வாகனன் என்பது பிள்ளைப் பருவத்துப் பெயர். தமிழை ஊரிலே முறையாகக் கற்ற பின், ஆங்கிலக் கல்வியைக் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பெற்றார். மிசன் பாடசாலைகளிற் பயின்ற நம் போன்றோர்க்கு இச்செய்தி தனி இன்பம் தருவது. கிறித்தவக் குருமாரிடம் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் பெற்றுக்கொண்ட அவர், தம் சமயத்தையோ தமிழையோ அதற்கு விலையாகக் கொடுத்தாரல்லர். நல்லதை எவரிடத்துங் கொள்ளலாம். தன்னுடையதை இழக்கவேண்டியதில்லை என்பதற்கு அவரே சான்று.

1908ஆம் ஆண்டிலே, பதினாறு வயதிற் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். அந்நாளில் ஆங்கிலங் கற்ற இளைஞனுக்கு அரசாங்க எழுதுவினைஞர் உத்தியோகமே பெரும்பேறு. மயில்வாகனனாரோ தாம் கற்ற இடங்களிலேயே ஆசிரியப் பணியை மேற்கொண்டார். சில ஆண்டுகள் கற்பித்த பின்னரே, கற்பித்தலையும் முறையாகக் கற்கவேண்டுமென 1911இற் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் சேர்ந்தார். பயிற்சி முடித்து மீண்டும் ஆசிரியரானார். அத்துடன் அமைந்தாரோ எனின், இல்லை. 1915இல் மறுபடியும் மாணவராகிக் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் புகுந்தார். 1916ஆம் ஆண்டிலே விஞ்ஞான டிப்ளோமாவைப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இரண்டு தோணியிற் கால்வைத்தல் ஆகாதென்பர் நம் முன்னோர். அவர்க்கோ விஞ்ஞானமும் தமிழும் ஒரே தோணியின் இரண்டு பக்கங்களாயின.

பின்னர் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியராகக் கடமையாற்றியவாறே படித்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியானார். அக்காலத்தில் இந்நாட்டிற் பல்கலைக்கழகம் என ஒன்று இருக்கவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். பல்கலைக்கழகக் கல்லூரியே 1921இல் வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் வந்தது. பகலிற் கற்பித்து, எஞ்சிய வேளையிற் கற்று, வெளிவாரியாகப் பெற்ற பட்டம் அது. பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவில்லையே என ஏங்கும் தம்பி தங்கையர் இதனைச் சிந்திப்பாராக.

பட்டம் பெற்ற ஆண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவரைத் தேடிவந்தது. வயது இருபத்தெட்டு. மதிப்பும் சம்பளமும் கைகூடிய அந்நிலையை விட்டு, 1922இற் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924ஆம் ஆண்டு சித்திராபௌர்ணமியன்று சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தரானார். உலகியல் நோக்கிலே, அத்தனை பரீட்சைகளும் வீணாயின என்றே இது தோன்றும். உண்மை வேறாயிருந்தது.

1925இல் ஈழம் மீண்ட அடிகளார் இராமகிருஷ்ண மிசன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். முன்னே ஒரு கல்லூரிக்கு அதிபராயிருந்தவர், இப்போது கிழக்கிலும் வடக்கிலும் பல பாடசாலைகளுக்குத் தந்தையானார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. வழிகாட்டுவார் இன்றித் திகைத்த கிராமப்புறச் சிறுவர்க்கு ஒரு வாயில் திறந்தது. தமக்கென வழிதேடியவர் பிறர்க்கு வழியானார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேராசிரியராக அவரை அழைத்தது. 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே அறிந்தவரையன்றி வேறு யாரை அவ்விடத்தில் அமர்த்துவது? 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். தாம் இளைஞராயிருந்தபோது நாட்டில் இல்லாத ஒரு கலாபீடத்திலே, வெளிவாரிப் பட்டதாரியான அவர் ஆசனம் பெற்றார்.

இவையனைத்துக்கும் முடிவைத்தது யாழ்நூல். மறைந்துபோன யாழ்க்கருவிகளின் இலக்கணத்தைச் சிலப்பதிகாரத்திலிருந்தும் பிற நூல்களிலிருந்தும் ஆராய்ந்து, நரம்புகளின் நீளத்தையும் சுருதிகளின் அளவையும் கணக்கிட்டு நிறுவிய பெருநூல் அது. தமிழ் மாத்திரம் கற்றவர் அக்கணக்கைச் செய்திருக்க இயலாது. கணிதமும் பௌதிகமும் மாத்திரம் கற்றவர் அப்பாடல்களை விளங்கியிருக்க இயலாது. ஊர் ஆசிரியரிடங் கற்ற தமிழும், குருமாரிடங் கற்ற கணிதமும், கொழும்பிற் கற்ற விஞ்ஞானமும் அந்நூலில் ஒன்றுகூடின. 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அது அரங்கேறிற்று. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். சிவானந்த வித்தியாலய வளவிலேயே அவர்தம் திருவுடல் துயில்கின்றது.

நாமெல்லாரும் துறவிகளாக வேண்டுமென இவ்வரலாறு கூறவில்லை. பதினாறு வயதில் ஒருமுறை தெரிந்தெடுத்ததோடு வாழ்வின் கதவு மூடிவிடுவதில்லை என்றே அது கூறுகின்றது. தொழில் பார்த்தபின் கற்கலாம். கற்றபின் வேறொன்றைக் கற்கலாம். உண்மையாகக் கற்ற எதுவும் பயனற்றுப் போகாது. எத்தொழில் அதிக ஊதியம் தரும் எனக் கேட்பது தவறன்று. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை அதைக் கேட்டே ஆகவேண்டும். அதனோடு, எனக்கு எது இயல்பாக வரும், என் கல்வியால் யாருக்குப் பயன் விளையும் என்ற கேள்விகளையுஞ் சேர்த்துக் கேட்போமாக. பெற்றோரும் பிள்ளையை அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாது, இக்கேள்விகளை அப்பிள்ளையோடு கூடியிருந்து கேட்பாராக.

ஊர்தோறும் உள்ள நம் இளைஞர் மன்றங்கள் பெரியார் விழா எடுப்பதோடு நின்றுவிடலாகாது. பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகளை ஆண்டுக்கொரு முறை கூட்டி, பல்கலைக்கழகத்திலும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் கலாசாலையிலும் பயின்றோரைக் கொண்டு அவர்களுக்கு வழிசொல்லுதல் வேண்டும். அடிகளார்க்கு நாம் சாத்தும் மாலைகளுள் வாடாத மாலை அதுவே.