வாய்ப்பூட்டை ஏற்காத மதகுரு

சித்திரை மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். எங்கட பெரியவர்களைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கினம். ஆகவே நான் வேறு இனத்தவர் ஒருவரைத் தெரிவு செய்தேன். அவரும் ஒரு சித்திரை மாதத்திலேதான், 1949 ஏப்ரல் 19ஆந் திகதி, நியூயோர்க் நகரில் கண்மூடினார். பெயர் ஸ்ரீபன் வைஸ். யூதர்கள் தங்கள் மதகுருவை றபி என்று அழைப்பார்கள். இவரும் ஒரு றபி. ஆனால் தொழுகைக்கூடத்தோடு நின்றுவிடாமல், தான் வாழ்ந்த நகரத்தின் அரசியலிலும் துணிந்து இறங்கியவர்.

1874ஆம் ஆண்டு ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ற் நகரில் பிறந்தார். தகப்பனாரும் பாட்டனாரும் றபிமார்தான். கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் அவரை அமெரிக்காவுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். எங்கட பிள்ளைகளைப் போல, பிறந்த ஊரின் நினைவே இல்லாமல் புதிய நாட்டில் வளர்ந்த பிள்ளை அவர்.

1900இல் ஒறிகன் மாநிலத்தின் போட்லண்ட் நகரில் றபியாகப் பொறுப்பேற்றார். அங்கே சின்னஞ்சிறுசுகள் வேலைத்தலங்களில் மாடாய் உழைப்பதைக் கண்டு பேசாமல் இருக்க அவரால் முடியவில்லை. குழந்தைத் தொழிலுக்கு எதிரான சட்டத்துக்காகப் பாடுபட்டார். பின்னர் அதைக் கண்காணிக்கும் ஆணையாளர்களில் ஒருவராகச் சம்பளமில்லாமல் வேலை செய்தார்.

அவருடைய பேச்சுத்திறமை நியூயோர்க் வரை எட்டியது. அந்நகரின் பெரும் பணக்கார யூதர்கள் கூடும் எமானுவேல் ஆலயத்தில் றபியாக வரும்படி பேச்சு நடந்தது. ஆனால் ஆலய மேடையில் என்ன பேசலாம் என்பது நிருவாக சபையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்றார்கள். எவ்வளவு பெரிய பதவி, பாருங்கோ! வைஸ் வேண்டாம் என்று சொல்லி, அதற்கான காரணத்தையும் 1906இல் பகிரங்கக் கடிதமாக வெளியிட்டார். அடுத்த வருடம் அதே நகரில் சுதந்திரத் தொழுகைக்கூடம் ஒன்றைத் தானே தொடங்கினார். அங்கே காசு கட்டி ஆசனம் பிடிக்கும் வழக்கம் இல்லை. கட்டாயச் சந்தாவும் இல்லை. குருவின் வாய்க்குப் பூட்டும் இல்லை.

1911 மார்ச் 25இல் நியூயோர்க்கில் ட்றையாங்கிள் என்ற தையல் தொழிற்சாலை தீப்பற்றி 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலானோர் குடியேறி வந்த யூத, இத்தாலிய இளம் பெண்கள். கதவு ஒன்று பூட்டியிருந்ததால் தப்ப வழியில்லாமல் போயிற்று. அதன்பின் நடந்த பெருங்கூட்டத்தில் வைஸ் எழுந்து, நிவாரணக் காசு மட்டும் போதாது, நீதியும் சட்டமும் வேண்டும் என்று வாதாடினார். 1919இல் உருக்கு ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை ஆதரித்துப் பிரசங்கம் செய்தார். அதனால் அவருடைய கூடத்துக்குக் கட்டடம் கட்டத் தருவதாகச் சொன்ன செல்வந்தர்கள் சிலர் கையை விரித்துவிட்டார்கள். அவர் தன் பேச்சை மாற்றவில்லை.

அக்காலத்தில் நியூயோர்க் நகரம் தம்மனி ஹோல் என்ற கட்சிக்கும்பலின் பிடியில் இருந்தது. புதிதாக வந்த குடியேறிகளுக்கு வேலை, அடுப்புக்கு நிலக்கரி, வழக்கு என்றால் சிபாரிசு எல்லாம் அது கொடுக்கும். பதிலுக்கு வாக்கை வாங்கும். உதவி செய்தவனை எதிர்த்துக் கதைக்கலாமோ என்று சனம் பயந்தது. வைஸ் பயப்படவில்லை. கிறிஸ்தவ மதகுருவான ஜோன் ஹேய்ன்ஸ் ஹோம்ஸ் என்பவரோடு சேர்ந்து 1930இல் நகர விவகாரக் குழுவை அமைத்தார். 1931இல் நகரபிதா ஜிம்மி வோக்கரைப் பதவி நீக்கும்படி மாநில ஆளுநர் றூஸ்வெல்ற்றிடம் குற்றப்பத்திரம் கொடுத்தார்கள். ஆளுநர் அதைத் தள்ளிவிட்டார். எனினும் சாமுவேல் சீபரி என்பவர் நடத்திய விசாரணையில் வோக்கரின் கணக்குகள் நாறின. 1932 செப்டெம்பர் 1இல் நகரபிதா பதவி துறந்தார்.

இந்த வெற்றிக்கு விலையும் இருந்தது. றூஸ்வெல்ற்றுக்கும் வைஸுக்கும் இடையில் மனக்கசப்பு உண்டாகிவிட்டது. 1933இல் ஹிட்லர் ஜேர்மனியில் ஆட்சியைப் பிடித்தார். அதே ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதியாகப் பொறுப்பேற்றவரோ அதே றூஸ்வெல்ற்! முதல் சில ஆண்டுகள் வைஸுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அதற்காக அவர் ஓய்ந்திருக்கவில்லை. அவ்வருடம் மார்ச்சில் மடிசன் ஸ்குவயர் கார்டனில் ஹிட்லருக்கு எதிராகப் பெருங்கூட்டம் கூட்டினார். அவருடைய மனைவி லூயிஸ் அகதிகளுக்குத் தங்கும் விடுதிகளை நடத்தினார்.

1936 அளவில் கதவு திறந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் பெரிய சோதனை வந்தது. 1942 ஓகஸ்ற் இறுதியில், ஐரோப்பிய யூதர்களை அடியோடு அழிக்கும் திட்டம் பற்றி ஜெனீவாவிலிருந்து ஒரு தந்தி அவருக்குக் கிடைத்தது. உண்மை உறுதியாகும்வரை வெளியிட வேண்டாம் என்று அரசாங்கம் கேட்டது. வைஸ் ஏறக்குறைய மூன்று மாதம் பகிரங்கமாக வாய் திறக்கவில்லை. நவம்பர் 24ஆந் திகதிதான், இருபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று உலகத்துக்கு அறிவித்தார். உறுதியில்லாத செய்தியை வெளியிட்டால் யார் நம்புவார்கள் என்று அவருக்காகப் பரிந்து பேசுவோரும் உண்டு. ஜனாதிபதியை அளவுக்கு மிஞ்சி நம்பிவிட்டார் என்று குறை சொல்லும் சரித்திர ஆசிரியர்களும் உண்டு. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

நான் அவரைக் குற்றவாளிக்கூண்டில் ஏற்ற வரவில்லை. என் மனதைக் குடைவது ஒன்றுதான். கதவு மூடியிருந்த காலத்தில் உரத்துப் பேசிய மனிதர், கதவு திறந்திருந்த காலத்தில் தயங்கினார். எங்கட சங்கங்களும் இந்த நாட்டில் மானியத்திலும் நன்கொடையிலுந்தான் நடக்கின்றன. தேர்தல் வந்தால் வேட்பாளர் பொன்னாடை போர்த்திக்கொண்டு படமெடுக்கிறார். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அகதி விண்ணப்பம் என்று நாங்கள் கேட்க வேண்டியவை இருக்க, கை குலுக்கியதோடு திருப்திப்பட்டு வந்துவிடுகிறோம். ஊர் அரசியலை விடிய விடியக் கதைக்கிற நாங்கள், குடியிருக்கிற நகரத்தின் நகரசபைக் கூட்டத்துக்கும் ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும். பழக்கம் வேண்டியதுதான். ஆனால் அந்தப் பழக்கம் எங்கட வாய்க்குப் பூட்டாகக் கூடாது.

நியூயோர்க்கில் அவர் தொடங்கிய கூடம் இப்போது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.