மாணாக்கருக்காக எழுந்த நூல்: மெண்டலீஃபின் வாழ்க்கை

பாடநூல் எழுதுவோரை ஆய்வாளர் வரிசையில் வைத்து எண்ணும் வழக்கம் நம்மிடையே மிகுதியாக இல்லை. ஆய்வேடு அறிவை வளர்ப்பது, பாடநூல் வளர்ந்த அறிவைப் பங்கிடுவது என்று பிரித்துப் பேசிப் பழகிவிட்டோம். தொடக்கநிலை மாணாக்கருக்கென எழுதப் புகுந்த வேதியியல் நூலின் நடுவே, அத்துறையின் தலையாய விதியையே கண்டெடுத்த ரஷ்யப் பேராசிரியர் திமீத்ரி இவானோவிச் மெண்டலீஃபின் வாழ்க்கையை நோக்கின், இப்பிரிவினை பொருளற்றது என்பது புலனாகும்.

சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகரில் 1834ஆம் ஆண்டு பல பிள்ளைகளுள் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். ஆசிரியராக இருந்த தந்தை பார்வை இழந்து பணியை விட்டார். குடும்பத்தைத் தாங்கியவர் தாய் மரியா. அவர் நடத்திவந்த கண்ணாடித் தொழிற்சாலை 1848இல் தீக்கு இரையாயிற்று. கணவரையும் இழந்திருந்த அவ்வம்மையார், மகனின் கல்வி ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டு மாஸ்கோ வரை நெடும்பயணம் மேற்கொண்டார். அங்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. பின்னர் பீட்டர்ஸ்பர்க் சென்று, 1850இல் தலைமை ஆசிரியப் பயிற்சி நிறுவனத்தில் மகனைச் சேர்த்தார். அதே ஆண்டில் மறைந்தார். 1887இல் வெளிவந்த கரைசல்கள் பற்றிய தம் ஆய்வு நூலை மெண்டலீஃப் தாயின் நினைவுக்கே படைத்தார்.

அக்காலத்து வேதியியல் மாணவன் பட்ட இடரை இன்று நாம் எளிதில் உணர இயலாது. நீரில் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு எடையில் எட்டுப் பங்கு ஆக்சிஜன் உள்ளது என்பது சோதனையில் கிடைக்கும் செய்தி. ஆக்சிஜனின் அணு எடை 8 எனக் கொண்டால் நீரில் ஒரு ஹைட்ரஜன் அணுவே இருத்தல் வேண்டும். 16 எனக் கொண்டால் இரண்டு இருத்தல் வேண்டும். இரு கணக்கும் சோதனைக்கு முரணல்ல. எதனை மாணவன் எழுதுவது? ஓராசிரியர் ஒன்றைக் கற்பிக்க, அடுத்தவர் மற்றொன்றைக் கற்பித்தார். கெக்குலே என்னும் ஜெர்மானிய அறிஞர் 1861இல் வெளியிட்ட பாடநூலில், அசெட்டிக் அமிலம் என்னும் ஒரே பொருளுக்கு வழங்கிவந்த 19 வாய்பாடுகளை வரிசைப்படுத்திக் காட்டினார் என்றால் குழப்பத்தின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

இக்குழப்பம் தீர 1860இல் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலார் மாநாடு கூடிற்று. ஹைடல்பர்க்கில் பயின்றுகொண்டிருந்த மெண்டலீஃபும் சென்றிருந்தார். இத்தாலியரான கன்னிசாரோ அணு எடைகளை உறுதியாகக் கணிக்கும் வழியை அங்கு எடுத்துரைத்தார். அவ்வழியும் அவர் தம் மாணாக்கருக்கு நடத்திய பாடத்திலிருந்து பிறந்ததே என்பது நாம் கருதத்தக்கது.

1867இல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரான மெண்டலீஃப், கையில் கொடுக்கத் தகுந்த நூல் ஒன்றும் இல்லாமை கண்டு, வேதியியலின் அடிப்படைகள் என்னும் நூலை 1868இல் தாமே எழுதத் தொடங்கினார். முதற்பகுதி முடிந்தபோது அறியப்பட்டிருந்த 63 தனிமங்களுள் எட்டினை மட்டுமே விரிவாக விளக்கியிருந்தார். எஞ்சிய 55ஐயும் இரண்டாம் பகுதிக்குள் அடக்கியாக வேண்டும். ஒவ்வொன்றாக மனப்பாடம் செய் என்று மாணவனிடம் சொல்ல அவர் மனம் ஒப்பவில்லை; எந்த ஒழுங்கில் சொல்வது என்பதே அவரை வருத்திற்று. முன்னரே விளக்கிய ஹாலஜன்களின் அணு எடைகளோடு அடுத்து வரவிருந்த கார உலோகங்களின் அணு எடைகளை ஒப்பிட்டார். ஃபுளூரின் 19, சோடியம் 23, குளோரின் 35.5, பொட்டாசியம் 39. புரோமின் 80, ருபீடியம் 85. ஒவ்வோரிணையிலும் உலோகம் சற்றே முந்தி நின்றது. எடை வரிசையில் அடுக்கினால் பண்புகள் மீண்டும் மீண்டும் திரும்பி வருவதைக் கண்டார். 1869 மார்ச் 1ஆம் நாள், பழைய ரஷ்ய நாட்காட்டியில் பிப்ரவரி 17, முதல் அட்டவணை உருவாயிற்று. அதனை அவர் கனவில் கண்டார் என்றொரு கதை உலவுகிறது. பாடத்தை எப்படி நடத்துவது என்று விழித்திருந்து கவலைப்பட்ட ஆசிரியரின் உழைப்பை உறக்கத்தின் கணக்கில் எழுத நாம் விரும்பவில்லை.

தமிழ் மாணவனுக்கு இதனை விளக்குதல் அரிதன்று. மெய் பதினெட்டையும் உயிர் பன்னிரண்டையும் கட்டமிட்டு நிறுத்தினால் உயிர்மெய் 216க்கும் இடம் கிடைக்கிறது. ஙகர வரிசை எழுத்துகளுட் பல எச்சொல்லிலும் பயிலாதவை; எனினும் அவை நிற்கும் கட்டமும் ஒலிக்கும் முறையும் சிறுவனுக்கும் தெரியும். மெண்டலீஃபின் அட்டவணையும் அத்தகையதே. செலினியத்தின் அணு எடை தெரியாது எனக் கொள்வோம். இடப்பக்கம் ஆர்சனிக் 75, வலப்பக்கம் புரோமின் 80, மேலே கந்தகம் 32, கீழே டெலூரியம் 128. நான்கையும் கூட்டி நான்கால் வகுக்க 78.75 வரும், உண்மை மதிப்பு ஏறத்தாழ 79. மனனத்திற்குரியதாய் இருந்த பாடம் இவ்வாறு கணக்கிட்டுத் தெளியும் பாடமாயிற்று.

காலியாய் நின்ற மூன்று கட்டங்களுக்குரிய தனிமங்களின் பண்புகளை 1871இல் அவர் முன்கூட்டியே எழுதினார். அவற்றின் தற்காலிகப் பெயர்களுக்கு வடமொழியின் ஏக என்னும் எண்ணுப் பெயரை முன்னொட்டாக்கினார். 1875இல் காலியம், 1879இல் ஸ்காண்டியம், 1886இல் ஜெர்மேனியம் என மூன்றும் கிட்டின. காலியத்தின் அடர்த்தி 4.7 எனக் கண்டறிந்தவர் கூற, அத்தனிமத்தைக் கண்ணால் கண்டிராத மெண்டலீஃப் அது 5.9 அளவில் இருத்தல் வேண்டும் என எழுதினார். தூய்மைப்படுத்தி மீண்டும் அளந்தபோது 5.9 என்றே வந்தது. அவர் எல்லாவற்றிலும் வென்றார் என்பதற்கில்லை. 1894இல் ஆர்கான் வெளிப்பட்டபோது அது தனிமமென ஏற்கத் தயங்கினார். எலக்ட்ரானையும் ஐயத்தோடே நோக்கினார்.

மாணாக்கர்பால் அவர் கொண்ட பற்று நூலோடு நின்றுவிடவில்லை. 1890இல் பல்கலைக்கழகத்தில் கிளர்ச்சி மூண்டபோது, மாணவர்தம் விண்ணப்பத்தைக் கல்வி அமைச்சரிடம் கொண்டு சேர்க்கும் பொறுப்பை ஏற்றார். உலகப்புகழ் பெற்ற ஐம்பத்தாறு வயதுப் பேராசிரியர், இளைஞர்தம் தாளைக் கையிலேந்திச் சென்றதை எண்ணிப் பார்க்கிறோம். அதனைப் பெற்றுக்கொள்ளும் உரிமை தமக்கில்லை எனக் குறித்து அமைச்சர் திருப்பியனுப்பினார். மெண்டலீஃப் பதவி விலகினார். இருபத்து மூன்றாண்டுப் பேராசிரியப் பணி அத்துடன் முடிந்தது.

1893 முதல் எடை, அளவைகள் நிறுவனத்தின் தலைமையை ஏற்று, ரஷ்யாவின் அளவைகளைச் சீர்செய்தார். நாள்தோறும் முன்னமரும் மாணவர் அங்கில்லை. ஆயினும் அடிப்படைகள் நூலை அவர் கைவிடவில்லை. புதிய கண்டுபிடிப்புகளையெல்லாம் அடிக்குறிப்புகளாகச் சேர்த்துச் சேர்த்து, குறிப்பு மூலத்தை விஞ்சும் அளவுக்கு நூலை வளர்த்தார். 1895இலும் 1903இலும் திருத்திய பதிப்புகள் வந்தன. எட்டாம் பதிப்பு 1906இல் வெளிவந்தது. 1907 பிப்ரவரி 2ஆம் நாள் அவர் உயிர் துறந்தார்.